கரண்டு பில்லுக்கு உபயம்

தமிழ்கூறு நல்லுலகம் கையில் உள்ள வேலையைச் சற்றே நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டிய செய்தி இது. உலகத் தமிழாய்வு வலைப்பூக் காப்பகத்தின் வரலாற்றுச் சிறப்புமிக்க வரவுசெலவுத் திட்டக் கூட்டம், நிறுவனத் தலைவர் ஆய்வுப் பேரொளி முனைவர் மணவாளன் அவர்களின் மேலான தலைமையில், புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் முற்பகலில் கடலூர் முதுநகரில் கூடியது. இடம், தாண்டவராயன் வீட்டு மொட்டைமாடி. மாடியின் முக்கால் பங்கில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்ததால், உலகத் தமிழாய்வு மீதிக் கால் பங்கில் உட்கார்ந்தது.

காப்பகம் என்றதும் கட்டடம், காவலாளி, கண்ணாடி அலமாரி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு காலத்தில் தமிழறிஞர்கள் பலர் இணையத்தில் ஆளுக்கொரு வலைப்பூ வைத்து எழுதினார்கள். கல்வெட்டு, ஏரி மதகு, பாம்பு, பழைய அகராதி, நெல் வகை என்று காசு வாங்காமல் எழுதிக் குவித்தார்கள். பிறகு சிலர் முகநூலுக்குப் போனார்கள், சிலர் சண்டைக்குப் போனார்கள், சிலர் செத்தே போனார்கள். எழுதியவை வாடகை கட்டாத முகவரிகளாக ஒவ்வொன்றாக மறைந்தன. மறைவதற்குள் நகலெடுத்து ஓரிடத்தில் சேர்த்து, எவரும் படிக்கத் திறந்துவைப்பதுதான் காப்பகம். அந்த ஓரிடம், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் சர்வர். அதற்கு வருஷ வாடகை உண்டு. அதுவும் டாலரில்.

வேலை பார்ப்பவர்கள் இரண்டே பேர். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் நூலக உதவியாளராக இருக்கும் தாண்டவராயன் தினமும் முதுநகரிலிருந்து ரயிலில் போய்வருபவர். எந்த வலைப்பூ சாகக் கிடக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது அவர். அதை நகலெடுத்து ஏற்றுவது பரங்கிப்பேட்டை ரசியா. கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கும் பெண். இருவருக்கும் சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லாத இடத்தில் பதவி நிச்சயம் இருக்கும் என்பதால் தலைவராக மணவாளன் இருந்தார்.

இத்தனை வருஷம் வாடகை கட்டியது யார் என்று தலைவருக்கே சரியாகத் தெரியாது. பாதிப் பணம் தாண்டவராயன் கொடுப்பார். மீதிப் பாதி ரசியாவின் கணவர் அபுல் ஹசன் கொடுப்பார். அவர் ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மேற்பார்வையாளர். டாலரில் கட்டும் கார்டும் அவருடையதே. சென்ற ரம்ஜானுக்குப் பிறகு அந்த சூப்பர் மார்க்கெட்டை மூடிவிட்டார்கள். அபுல் ஹசன் ஊருக்கு வந்துவிட்டார். உலகத் தமிழாய்வின் நிதி நெருக்கடி என்பது இவ்வளவுதான்.

மணவாளன் மூக்குக்கண்ணாடியை மாட்டி, அச்சடித்துக் கொண்டுவந்த திட்ட அறிக்கையை வாசித்தார்.

"மண்டபம். பதாகை. பொன்னாடைகள். சிறப்பு விருந்தினர்க்கு மகிழுந்து. நினைவுப் பரிசு. சிற்றுண்டி. புகைப்படம். நிழற்படத் தொகுப்பு. இதர."

ரசியா தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டாள். "ஐயா, சர்வர் வாடக எங்க?"

"இதரவில் இருக்கிறதம்மா."

"மொத்தக் காப்பகமே அதுதானேய்யா."

"அதனால்தான் தனியே போடவில்லை. மொத்தத்தையும் ஒரு தலைப்பில் போட்டால் தலைப்பு தாங்காது."

"ரெண்டாவது நகலு? ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க்காவது வாங்கணும்யா. போன வெள்ளத்துல தாண்டவராயன் அண்ணன் வூட்டுக் கட்டிலுக்கடியில இருந்தது தண்ணி குடிச்சி செத்துப்போனதுலேருந்து நம்மகிட்ட வேற நகலே இல்ல."

"இரண்டாவது நகல் என்பதே முதல் நகலின் மேல் நம்பிக்கைக் குறைவு அம்மா" என்றார் மணவாளன். இரண்டாவது நகலுக்கான வரி ஒவ்வொரு வருஷமும் திட்டத்திலிருந்து அடிக்கப்படும். இந்த வருஷமும் அடிபட்டது.

கூட்டத்துக்குச் சிறப்பு அழைப்பாளராக காடாம்புலியூர் முந்திரி வியாபாரி கோவிந்தசாமி வந்திருந்தார். நல்ல மனிதர். கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். பண்ருட்டியிலிருந்து வடலூர் போகிற வழியில் எந்தக் கோயிலில் டியூப்லைட் எரிந்தாலும், 'உபயம் கோவிந்தசாமி' என்ற கறுப்பு எழுத்துகளுக்கு நடுவே புகுந்துதான் வெளிச்சம் வெளியே வர வேண்டும்.

"நமக்கு இந்த நெட்டுல்லாம் வெளங்காதுங்க. ஆனா தமிழுக்குன்னா குடுக்கணும். என்னா வேணும், சொல்லுங்க. ஃபேனு? நாற்காலி?"

"சர்வர் வாடகண்ணே" என்றார் தாண்டவராயன்.

"அது எப்புடி இருக்கும்?"

"பாக்க முடியாதுண்ணே. வெளிநாட்டுல இருக்கு."

"அதுல பேரு எழுதலாமா?"

"எழுத முடியாதுண்ணே."

கோவிந்தசாமி யோசித்தார். ஒரு பொருளை வாங்கிக் கொடுப்பது தெரியும், இல்லாத பொருளை எப்படி வாங்கிக் கொடுப்பது என்பதுபோல் இருந்தது அவர் முகம். "இம்மா எழுத்தையும் எதுலதான் வெச்சிருக்கீங்க? ஒரு பீரோ இருந்தா பத்தரமா இருக்குமே?"

ரசியா சிரிப்பை அடக்கக் காகிதத்தால் வாயை மூடிக்கொண்டாள். மணவாளன் மூடிக்கொள்ளவில்லை. "மிகச் சிறந்த யோசனை! காப்பகம் என்றால் கண்ணுக்குத் தெரிய ஏதாவது இருக்க வேண்டாமா?"

அப்போது தனம் டீத் தட்டோடு மாடிக்கு வந்தாள். தாண்டவராயனின் மனைவி. ஆற்றுக்கு அக்கரையில் சோனாங்குப்பத்தில் பிறந்தவள். முதுநகர் மார்க்கெட்டில் கருவாடு வியாபாரம். டீயைக் கொடுத்துவிட்டு நெத்திலியைப் புரட்ட உட்கார்ந்தவள் முதுகைக் காட்டியபடியே பேசினாள்.

"கோயில்ல டியூப்லைட்டு வாங்கிக் குடுக்க ஊரே வரும். கரண்டு பில்லு கட்ட ஒருத்தன் வர மாட்டான். பில்லுல பேரு எழுத எடம் இல்ல பாரு."

"சரியாச் சொன்ன தங்கச்சி" என்று கோவிந்தசாமி மனமாரச் சிரித்தார். தன்னைச் சொன்னதாக அவருக்குத் தோன்றவில்லை.

"அதுக்குத்தான் எங்க குப்பத்துல தலக்கட்டு வரி. கல்யாணமான ஆம்பள ஒவ்வொருத்தனும் ஒரு தலக்கட்டு. திருவிழாவோ, கோர்ட்டு கேசோ, தலக்கட்டுக்கு இவ்ளோன்னு பஞ்சாயத்துல போட்ருவாங்க. பேரும் கெடயாது, மால மரியாதயும் கெடயாது. கட்டலன்னா அவன் வூட்டுக் கல்யாணத்துக்கு ஊரு போவாது. அவ்ளோதான்."

"நாம யாருகிட்ட வரி கேக்குறது?" என்றார் தாண்டவராயன்.

"எழுதுனவுங்கள கேளுய்யா. அவுங்க எழுத்தத்தான காபந்து பண்ணி வெச்சிருக்கீங்க? ஆளுக்குக் கொஞ்சம் போட்டா தீந்துச்சி."

மணவாளன் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "அறிஞர்களிடம் வரியா? புலவர்களுக்குப் பொற்கிழி கொடுத்த மண்ணம்மா இது!"

"பொற்கிழி குடுத்த ராசா யாரையும் இப்ப காணமேங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, தனம் வானத்தைப் பார்த்தாள். கிழக்கே ஒரு கறுப்புத் திட்டு. "மழ வந்தாலும் வரும். உங்க நாற்காலிய அப்பால போடுங்க. கருவாட்ட அள்ளணும்."

கூட்டம் தீர்மானங்களோடு கலைந்தது. நிதி திரட்டும் விழாவைச் சிதம்பரத்தில் ஐப்பசியில் வைப்பது. பெரிய நன்கொடைகளைத் தலைவர் கவனிப்பது. அறிஞர்களைத் தாண்டவராயன், மனம் புண்படாதவாறு, கேட்டுப் பார்ப்பது.

*

தனத்துக்கு இந்தக் காப்பகத்தில் ஒரே ஒரு பக்கம்தான் தெரியும். அதன் பெயர் 'கொண்டல்'. அவள் தம்பி அருண்பாண்டியன் எழுதியது.

குப்பத்திலிருந்து கடலுயிர் படிப்பு படிக்கப் போன முதல் பையன் அவன். மீன் பெயர், காற்றுப் பெயர், எந்த மாசத்தில் எந்த மீன் எந்தப் பக்கம் போகும் என்பதையெல்லாம் ஊர்ச்சனம் வாயால் சொல்லச் சொல்லப் பதிவுசெய்து, எழுத்தோடு குரலையும் ஏற்றிவைத்தான். குரல்களில் பாதி தனத்துடையது. கொரோனா இரண்டாம் முறை வந்தபோது அவன் போய்விட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பையில் சட்டை இருந்தது, போன் இல்லை. அவன் காசு கட்டி வைத்திருந்த வலைப்பூ முகவரியும் மறுவருஷம் காலாவதியானது. நகல் மட்டும் காப்பகத்தில் இருந்தது.

மத்தியானம் மார்க்கெட்டிலிருந்து வந்து, சோறு தின்று, கருவாட்டைத் தரம் பிரிக்கும்போது தனம் போனைப் பக்கத்தில் சாய்த்து வைத்து அதைப் போடுவாள்.

"அக்கா, இது என்னா மீனு?"

"காரப்பொடி."

"ஏன் காரப்பொடின்னு பேரு?"

"ஒனக்கு ஏன் அருண்பாண்டியன்னு பேரு? அப்பா வெச்சாரு. இதுக்கு இதோட அப்பா வெச்சாரு. போயி சோத்தத் தின்னு."

அதற்குமேல் அவன் சிரிப்பு. பின்னால் ஒரு படகு எஞ்சின். எஞ்சின் சத்தம் அடங்கும் வரைக்கும் சிரித்திருக்கிறான். தினமும் அதே இடத்தில் தனமும் சிரிப்பாள். பிறகு கருவாட்டைப் பிரிப்பாள்.

வாடகை, சர்வர், கெடு எதையும் தாண்டவராயன் அவளிடம் விளக்கிச் சொன்னதில்லை. டாலர் ஏறிய கதையைச் சொன்னால் சம்பளத்தில் எவ்வளவு போகிறது என்ற கதையும் வெளியே வரும். மகள் ப்ரீத்தி சென்னையில் நர்சிங் படிக்கிறாள். அந்தக் கதையை எடுக்காமல் இருப்பதே குடும்பத்துக்கு நல்லது என்று அவர் முடிவு செய்திருந்தார். மாடியில் கேட்ட பேச்சு தனத்துக்கு ஏதோ சங்கத்துச் சந்தா விவகாரமாகத்தான் பட்டது. நெட்டில் ஏறிய குரல் கடலில் இருக்கிற உப்பு மாதிரி, எங்கேயும் போகாது என்று நினைத்திருந்தாள்.

*

தாண்டவராயன் ரயிலில் போகும்போதும் வரும்போதும் அறிஞர்களுக்குப் போன் போட்டார். ஆலப்பாக்கத்தில் ஆரம்பிக்கும் உரையாடல் கிள்ளை தாண்டியும் முடியாது.

கல்வெட்டறிஞர் ஒருவர் உடனே சம்மதித்தார். "கட்டிடுறேன் தம்பி, தமிழ்ப்பணி. ஆமா, எம்பக்கம் எத்தினியாவது வருது?"

"அகர வரிசைங்க ஐயா."

"அப்ப அந்த விழுப்புரத்தான் எனக்கு மேல வர்றானா?"

"எழுத்து அப்புடி விழுதுங்க."

"அவன் படிச்ச கல்வெட்டு பூரா நான் படிச்சதுய்யா! அவன் பக்கத்த எடுத்துட்டுக் கூப்புடு. ரெண்டு தலக்கட்டா கட்டுறேன்."

விழுப்புரத்தாரும் ஏறக்குறைய அதையே சொன்னார், எதிர்த்திசையிலிருந்து.

மறைந்த அகராதி அறிஞர் ஒருவரின் மகன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுலேருந்து எதுனா வருமானம் வருதா?" என்றார். இல்லை என்றதும், "அப்பா இருந்தப்பவே சொன்னோம், கேக்கல" என்று வைத்துவிட்டார்.

அமெரிக்காவில் இருக்கும் பேராசிரியர் செந்தமிழ்செல்வன் நெகிழ்ந்துபோனார். அவர் பங்குக்கு ஒரு ஆதரவுக் கடிதம் அனுப்பினார். ஆறு பக்கம். காப்பகம் அழிந்தால் மனித குலத்துக்கு என்ன நேரும் என்று அதில் அடிக்குறிப்புகளோடு இருந்தது. வாடகையைப் பற்றி அடிக்குறிப்பிலும் எதுவும் இல்லை.

நெல்லிக்குப்பத்தில் பிரிசில்லா டீச்சர் மட்டும் பேசிக்கொண்டிருக்கும்போதே பணம் அனுப்பிவிட்டார். ரிட்டையர் ஆனவர். கெடிலத்துக் கரைப் பறவைகளைப் பற்றி எழுதியவர். "தலக்கட்டுன்னா கல்யாணம் ஆனவங்கதானே தம்பி? நான் பண்ணிக்கல. இருந்தாலும் போட்டுக்குங்க."

"ரசீது அனுப்புறேன் டீச்சர்."

"வேணாம்பா. அந்த நாமக்கோழிப் பக்கத்துல ஒரு எழுத்துப்பிழ இருக்கு. நேரம் கெடச்சா திருத்தச் சொல்லு."

பறவையறிஞர் ஒருவர் கட்டிய தலைக்கட்டு வரியில் சர்வர் சில நாள் ஓடும். மீதி நாளுக்கு வேறு பறவைகள் இல்லை.

*

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு மாலை, தாண்டவராயன் பரங்கிப்பேட்டையில் இறங்கி ரசியா வீட்டுக்குப் போனார். அபுல் ஹசன் கைலியோடு வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். பல வருஷம் லீவுக்கு மட்டும் வந்துபோன வீட்டில், எந்த ஸ்விட்ச் எந்த லைட்டுக்கு என்று இப்போதுதான் அவர் பழகிக்கொண்டிருந்தார்.

"வாங்க மச்சான். அல்வா சாப்புடுங்க. இப்ப நமக்கு அதுதான் வேல, வர்றவங்களுக்கு அல்வா குடுக்குறது."

"கார்டு என்னாச்சி மச்சான்?"

"விசா போனா பேங்க் போச்சி, பேங்க் போனா கார்டு போச்சி. ஒண்ணோட ஒண்ணு கட்டி வெச்சிருக்கான். எந்தம்பி உசாமா குவைத்துல இருக்கான். காச நீங்க இங்க குடுங்க, அவன் கார்டுல கட்டிடுவான், இன்ஷா அல்லா. ஆனா மச்சான், எம்பாதி இந்த வருசம் வராது. மன்னிச்சிக்குங்க."

"என்னா மச்சான் பெரிய வார்த்தையெல்லாம்."

ரசியா உள்ளறையிலிருந்து லேப்டாப்போடு வந்தாள். "அண்ணே, எனக்குப் பயமா இருக்கு. கெடு முடியப் போவுது. அதுக்குள்ள முடிஞ்சதெல்லாம் எறக்கி இதுலயே வெச்சிக்கிறன். ஆனா மழையில நெட்டு பத்து நிமிசம் இருந்தா ஒரு மணி நேரம் இல்ல. எல்லாத்தையும் எடுக்க முடியாது. மொதல்ல எத எடுக்கட்டும்?"

தாண்டவராயன் அல்வாவை விழுங்கினார்.

"தனம் அக்கா தம்பியோட பக்கத்த மொதல்ல எடுத்துர்றேண்ணே" என்று ரசியாவே சொன்னாள். "குரலெல்லாம் இருக்கு. பெருசு. ஆனா ஒரு ராத்திரி நெட்டு போவாம இருந்தா எடுத்துருவேன்."

இந்த இடத்தில் தாண்டவராயனுக்கு வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பெரிய மனிதராக இருக்கும் வாய்ப்பு வந்தது. நூலகத்தில் இருபது வருஷம் அட்டவணை போட்டவர். ரெண்டு கல்வெட்டறிஞர்களுக்கும் வரிசை வரிசைதான் என்று சொல்லிவிட்டு வந்தவர். தன் வீட்டுச் சாமானை மட்டும் முன்னால் நகர்த்திவைத்தால் நாளை அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

"வேணாம்மா. அகர வரிசையிலயே போ. நம்ம வூடுன்னு வரிசைய மாத்தக்கூடாது."

"அண்ணே, யாருக்குண்ணே தெரியப் போவுது?"

"நமக்குத் தெரியுமில்ல."

அபுல் ஹசன் அவர் தோளைத் தட்டினார். "மச்சான், நீங்க மனுசன்."

ரசியா அகரத்தைத் தட்டினாள். அகர வரிசையின் முதல் சிலவற்றில் தலைவரின் 'அணையாச் சுடர்' வந்தது. அதில் கட்டுரை குறைவு. பொன்னாடை போர்த்தப்படும் படங்கள் அதிகம். ஒவ்வொரு பொன்னாடையும் போர்த்தும் முன், போர்த்தும்போது, போர்த்திய பின் என்று மூன்று கோணங்களில், சுவரொட்டிக்குத் தாங்கும் அளவில் ஏற்றப்பட்டிருந்தது. பரங்கிப்பேட்டை மழையில், விட்டு விட்டு வந்த நெட்டில், பொன்னாடைகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின.

*

கெடு நாள் வந்தது, போனது. விழாவில் வசூலாகும் பணத்தில் கட்டிவிடலாம் என்று தலைவர் சொல்லியிருந்தார். சிறப்பு விருந்தினருக்குக் கெடுவுக்கு முன்னால் தேதி கிடைக்கவில்லை.

"அண்ணே, கெடு தாண்டுது" என்று ரசியா போனில் பதறினாள்.

"தாண்டட்டும்மா. கரண்டு ஆபீஸ்ல இல்லியா? கெடு தாண்டுனா ஃபைன் போடுவான். அதுக்கும் மேல போனா லைன்மேன் வந்து ஃபீஸப் புடுங்குவான். ஃபைனோட கட்டுனா மறுபடி மாட்டிட்டுப் போறான். வூட்டு சாமான எவனாவது தூக்கிட்டா போறான்?"

"இவங்க அப்புடியான்னு தெரியலண்ணே. மெயில்ல ஏதோ கடைசி அறிவிப்புன்னு போட்ருக்கான்."

"கரண்டு ஆபீஸ்லயும் அப்புடித்தான் போடுவான்."

அடுத்த சில நாட்களும் காப்பகம் திறந்தது. மத்தியானங்களில் காரப்பொடியும் சிரிப்பும் எப்போதும்போல் கேட்டன. "பாத்தியா, ஓடுது" என்று தாண்டவராயன் ரசியாவிடம் வெற்றியோடு சொன்னார்.

*

சிதம்பரத்தில் விழா. கீழவீதிப் பக்கம் ஒரு மண்டபம். வெளியே மழை, உள்ளே இட்லியும் கொத்சும். மேடையின் குறுக்கே பதாகை, பதாகையின் குறுக்கே மணவாளன். மேடை ஓரத்தில் புது பீரோவின் படம் ஒன்றைப் பெரிதாக்கி நிறுத்தியிருந்தார்கள். அசல் பீரோவுக்கு இன்னும் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நிகழ்ச்சி நிரலில் ஒரு புதுமை இருந்தது. மறைந்த இளம் ஆய்வாளர் அருண்பாண்டியனின் வலைப்பூவிலிருந்து குரல் பதிவு ஒன்றைச் சபையில் ஒலிக்கச் செய்து, அவருடைய அக்காவுக்குப் பொன்னாடை போர்த்துவது. தனம் மாம்பழக் கலர் பட்டுப் புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மார்க்கெட்டில் பக்கத்துக் கடைக்காரிகள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். "எந்தம்பி பேசப் போறான், சிதம்பரத்துல, மைக்கு வெச்சி."

மணவாளன் குரலை உயர்த்தினார். "காலத்தால் அழியாத, கடலால் கொள்ளப்படாத, கரையானால் அரிக்கப்படாத..."

ரசியா மேடைக்குக் கீழே லேப்டாப்பைத் தட்டினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. மறுபடி தட்டினாள். வட்டம் நின்று, ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்துத் தாண்டவராயன் எழுந்து ஓடினார்.

"என்னாம்மா?"

"போச்சிண்ணே."

"நெட்டா?"

"நெட்டு இருக்குண்ணே. அந்தப் பக்கந்தான் இல்ல."

சபை காத்திருந்தது. தனம் கையை மடியில் வைத்து, லேசாகக் காதைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள், சத்தம் வரப் போகிற ஸ்பீக்கர் பக்கமாக.

மேடையில் அனுபவம் உள்ளவர் மணவாளன். "அமைதியும் ஓர் ஒலிதான்! மறைந்தவர்க்கு நாம் செலுத்தும் அமைதியஞ்சலி இது" என்றார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். தனமும் புரியாமல் எழுந்து நின்றாள். பிறகு தலைவர் கையசைக்க, அவருடைய உறவுக்காரப் பையன் அருண்மொழி வேறொரு இணையதளத்தில் ஓசியில் தயாரித்து வைத்திருந்த 'நன்கொடை வள்ளல்கள்' பக்கத்தை ரசியா திறந்தாள். அது சட்டென்று திறந்தது. பீரோவும் கோவிந்தசாமியின் சிரித்த முகமும் வந்தன. சபை கைதட்டியது. காப்பகம் இல்லை என்பது மண்டபத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது.

பொன்னாடை போர்த்தினார்கள். "போடலியே?" என்று தனம் மேடையிலேயே மெதுவாகக் கேட்டாள். "எந்தம்பி பேசுனது?"

"நேரமின்மை அம்மா" என்றார் மணவாளன்.

வசூல் பற்றித் தாண்டவராயன் கேட்டபோது கோவிந்தசாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பீரோ ரெடி தம்பி. நாலு அறை. ஒரு அறைக்கு லாக்கர் வேற. வாடகைக்கு மட்டும் கேக்காத. வாடகைக்கு எப்புடிக் குடுக்குறதுன்னு எனக்குத் தெரியல." அவர் உண்மையைத்தான் சொன்னார். அவருக்குத் தெரியவில்லை.

*

தனம் வீட்டுக்கு வந்து பொன்னாடையைக் கழற்றிக் கொடியில் போட்டாள். போனை எடுத்துத் தட்டினாள். வட்டம் சுற்றியது. அப்போதுதான் தாண்டவராயன் சொன்னார். வாடகை, டாலர், கார்டு, கெடு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லாமல் விட்ட வருஷங்களையும் சேர்த்துச் சொன்னார்.

தனம் உள்ளே போய் ஒரு கவரோடு வந்தாள். ஐஸ் பெட்டி வாங்க வைத்திருந்த பணம்.

"இந்தா. ஃபைனோட கட்டு."

"தனம்..."

"எம்மாடி, இவ்ளோதான? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்னா கொறஞ்சிபுடுவியா? ஊரு பூரா போனு போட்டு வரி கேட்டியே, எனக்கு ஏன்யா போடல? எந்தம்பி வூட்டுக்கு நான் தலக்கட்டு இல்லியா?"

தாண்டவராயன் ரசியாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ரசியா, காசு இருக்கு. தம்பி உசாமாவ கட்டச் சொல்லு."

ரசியாவின் குரல் மழைக்கு நடுவே வந்தது. "விழாவுலேருந்து வந்ததுமே உசாமாவ கட்டச் சொல்லிட்டேண்ணே. இவுங்க ஒரு நகய அடகு வெச்சிக் குடுத்துக்கலாம்னாங்க. கம்பெனிக்கு எழுதுனோம். பதில் வந்துருக்கு. கணக்கு இருக்குதாம். கட்டுனா தொறந்து வுடுவானாம். உள்ள ஒண்ணும் இல்லியாம். அழிச்சிட்டானாம்."

தனம் போனைப் பிடுங்கினாள். "யாரும்மா அழிச்சது? அங்க லைன்மேன் மாதிரி எவனாச்சும் இருப்பான்ல? அவன்கிட்ட பேசு. அழிச்சவனுக்கு எங்க வெச்சான்னு தெரியாதா?"

"ஆளு யாரும் இல்லக்கா. அது தானா நடக்குறது."

"தானா எப்புடிம்மா நடக்கும்? ஒருத்தன் கைய வெச்சாத்தான ஒண்ணு போவும்?"

ரசியா அழ ஆரம்பித்தாள். தனம் அவளைத் திட்டவில்லை. "நீ அழுவாத. நீ என்னா பண்ணுவ" என்றாள். பிறகு கேட்டாள். "நீ கொஞ்சம் எறக்கி வெச்சன்னாரே. எது வரைக்கும்?"

"உ வரைக்கும்க்கா."

"கொண்டலு?"

"அது க-வுல வருதுக்கா." ரசியா அத்தோடு நிறுத்திக்கொண்டாள். தாண்டவராயன் சொன்ன வரிசையைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. அவர்தான் திறந்தார்.

"ரசியா அத மொதல்ல எடுக்கிறன்னுதான் சொல்லிச்சி. நாந்தான் வரிசையில போன்னேன்."

தனம் புருஷனைப் பார்த்தாள். கோபம் வரும் என்று அவர் காத்திருந்தார். வந்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"தண்ணி லாரி வந்தா குடம் வெச்சி வரிசையில நிக்கிறோம்" என்றாள் தனம். "தெருவே அடிச்சிக்கும். எழவு வூட்டுலேருந்து ஒருத்தி குடத்தோட வந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மொதல்ல வுட்ருவாங்க. படிக்காதவளுவளுக்கு அது யாரும் சொல்லிக் குடுக்கல."

அவள் கவரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் மார்க்கெட்டில், சிதம்பரத்தில் தம்பி நன்றாகப் பேசினான் என்று பக்கத்துக் கடைக்காரிகளிடம் சொன்னதாகக் கேள்வி.

உ வரை பிழைத்ததில் முக்கால் பங்கு 'அணையாச் சுடர்'. தலைவர் அதைக் கேள்விப்பட்டு, தமிழ் தன்னைக் கைவிடவில்லை என்று கண்கலங்கினார். நாமக்கோழிப் பக்கத்தைத் திருத்தியாயிற்றா என்று கேட்டு பிரிசில்லா டீச்சர் ஒரு நாள் போன் செய்தார். தாண்டவராயன் அந்த அழைப்பை எடுக்கவில்லை.

கார்த்திகை மழை கொஞ்சம் விட்ட ஒரு நாளில் கோவிந்தசாமி சொன்ன சொல் தவறாமல் பீரோவை மினி லாரியில் அனுப்பிவைத்தார். தலைவர் வீட்டில் நினைவுப் பரிசுகளுக்கே இடம் போதாததால் அது முதுநகருக்கு வந்தது. கதவின் அகலத்துக்கு மஞ்சள் எழுத்தில் காப்பகத்தின் பெயர், அதைவிடப் பெரிய எழுத்தில் உபயம். நாலு ஆள் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தார்கள். தனம் ஒவ்வொரு அறையாகத் திறந்து கையை விட்டுப் பார்த்தாள். ஈரம் ஏறாது என்றாள்.

பீரோவில் இப்போது கருவாடு இருக்கிறது.